கைப்பேசிச் சந்தையிலும் தரகர் உண்டு; சிறு விவசாயி விழிப்புடன் இருக்க வேண்டும்

மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் வட்டாரங்களில் கீரை, காய்கறி, கடலை பயிரிடும் சிறு விவசாயிக்கு விளைவிப்பதைவிட விற்பதே பெரும்பாடு. உழுவதும் நீர் பாய்ச்சுவதும் அவர் கை. விலை வைப்பது வேறொருவர் கை. பட்டணத்தின் மொத்தக் காய்கறி வியாபாரம் கோத்தவால் சாவடியில் நடந்த காலத்திலும் நிலைமை இதுதான். 1996-ல் அது கோயம்பேட்டுக்கு மாறிய பிறகும் இதுதான். சந்தையின் இடம் மாறியதே தவிர, கமிஷன் மாறவில்லை.

இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே நேரில் விற்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1999 நவம்பர் 14-ம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அதன் வெற்றிக்குக் காரணம் எளிமையானது. விவசாயிக்கு அடையாள அட்டை கிடைத்தது. உட்கார இடமும் நிறுக்கத் தராசும் கிடைத்தன. வாங்குகிறவர் முகத்தை விவசாயியும், விவசாயியின் முகத்தை வாங்குகிறவரும் பார்த்துக்கொண்டார்கள்.

இன்று இன்னொரு சந்தை நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதுதான் கைப்பேசி. "உங்கள் சரக்கைக் கூகுளில் போடுங்கள், பேஸ்புக்கில் போடுங்கள், வாட்ஸ்அப்பில் விற்றுவிடலாம்" என்று கூட்டங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லப்படுகிறது. இது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. இந்தச் சந்தையில் நுழையக் கட்டணம் இல்லை என்பது மெய். தரகர் இல்லை என்று நினைத்தால் அது ஏமாற்றமாகவே முடியும்.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இச்சந்தையில் இலவசமாகக் கிடைப்பதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்களின் பட்டியலை உங்கள் சொந்த நோட்டில் வைத்திருங்கள். காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்த வரிசை தலைகீழானால், மண்டிக் கமிஷனிலிருந்து தப்பி வேறொரு கமிஷனில் மாட்டிக்கொண்டவர்கள் ஆவோம்.

வாடிக்கை நம் வாசலிலேயே

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீண்டு கிடக்கும் வட சென்னையில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. துறைமுகத் தொழிலாளர், மீனவர், மணலி ஆலைகளிலும் எண்ணூர் அசோக் லேலண்டிலும் முறைப் பணி செய்வோர், சிறு பட்டறை நடத்துவோர் எனப் பலரும் அதில் அடக்கம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் பொன்னேரியிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் ஒரு மணி நேரத்துக்குள் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்விடலாம்.

இருந்தும் என்ன நடக்கிறது? பொன்னேரிக் கத்தரிக்காய் லாரியில் கோயம்பேட்டுக்குப் போகிறது. அங்கிருந்து சில்லறை வியாபாரி அதைத் திருவொற்றியூருக்குக் கொண்டு வருகிறார். பக்கத்து ஊர்க் காய் பட்டணத்தைச் சுற்றிவிட்டு, வாடிய முகத்தோடு பக்கத்து ஊருக்கே வந்து சேருகிறது. இந்தச் சுற்றுக்கான கூலியையும் கமிஷனையும் விவசாயியும் வாங்குகிறவரும் பாதிப் பாதியாகச் சுமக்கிறார்கள்.

2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரே ஒரு கதவு. அது சாத்தப்பட்டதும் சரக்கு வயலிலேயே நின்றது. அந்த நாட்களில் சமாளித்தவர்கள், வாங்குகிறவரின் போன் எண்ணை முன்பே கையில் வைத்திருந்தவர்கள்தாம். கைப்பேசிச் சந்தையின் உண்மையான பயன் அதுதான். அது நமக்கு இரண்டாவது கதவு.

தேடுகிறவர் முன் யார் பெயர் வருகிறது?

திருவொற்றியூரில் ஒரு குடும்பத் தலைவி "செக்குக் கடலை எண்ணெய் பக்கத்தில் எங்கே கிடைக்கும்?" என்று தம் போனிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டச்சு தெரியாவிட்டாலும் கவலையில்லை. 2017 முதல் கூகுளில் தமிழில் பேசியே தேடலாம். உடனே வரைபடமும் சில கடைகளின் பெயர்களும் வருகின்றன. அந்தப் பெயர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன?

கூகுள் நிறுவனம் மூன்று அளவுகோல்களைச் சொல்லுகிறது. முதலாவது பொருத்தம்: கேட்ட பொருளும் கடை விற்கும் பொருளும் ஒன்றா? இரண்டாவது தொலைவு: தேடுகிறவருக்குக் கடை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது? மூன்றாவது பெயர்: மக்கள் அந்தக் கடையை எவ்வளவு அறிந்திருக்கிறார்கள், என்ன கருத்துச் சொல்லியிருக்கிறார்கள்?

இதில் சிறியவருக்கு ஒரு நன்மை உண்டு. பெரிய கம்பெனி எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் தொலைவை விலைக்கு வாங்க முடியாது. திருவொற்றியூர்ச் சன்னதித் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் கடை பக்கத்துக் கடைதான். கூகுளில் கடையின் பெயர், நேரம், போன் எண், படங்கள் ஆகியவற்றைப் பதிந்துவைக்கக் காசும் கிடையாது.

ஆனால் அதே அளவுகோல் வயலில் இருக்கும் விவசாயிக்குப் பாதகமாகவும் திரும்புகிறது. பொன்னேரிக்கு அப்பால் உள்ள தோட்டத்தின் முகவரியைப் பதிந்தால் பொன்னேரியில் தேடுகிறவருக்கு அது தெரியும். ராயபுரத்தில் தேடுகிறவருக்குத் தெரிவது அரிது. பயிற்சி வகுப்புகளில் சொல்லத் தவறும் விஷயம் இதுதான். "பதிந்துவிட்டேன், ஒருவரும் கூப்பிடவில்லை" என்று மனம் தளர்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இதற்கு வழி பொய் முகவரி போடுவது அல்ல. இடத்தையும் பெயர்ப் பலகையையும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். பொய் என்று தெரிந்தால் பதிவையே நீக்கிவிடுவார்கள். வாரம் ஒரு நாள் தள்ளுவண்டி நிறுத்துவதும் இதற்குப் போதாது. நிலையான இடமும் பலகையும் வேண்டும். எனவே பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் சேர்ந்து திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ சின்னதாக ஒரு கடையை வாடகைக்கு எடுத்து, அதை முறைப்படி பதிந்துகொள்வதே சரியான வழி. தனியாக முடியாதது கூட்டாக முடியும். வாடகை பங்காகும், தினம் ஒருவர் கடையில் இருந்தால் மற்றவர் வயலைப் பார்க்கலாம். அதுவும் இயலாவிட்டால், அங்கு ஏற்கெனவே கடை வைத்திருக்கும் நேர்மையான ஒருவரிடம் சரக்கைக் கொடுத்து, "இன்ன ஊர் விவசாயிகளின் விளைச்சல்" என்று அவர் பதிவில் குறிப்பிடச் செய்யலாம்.

மக்கள் பேசும் சொல்லில் எழுதுங்கள்

விளம்பரம் பற்றித் திருவொற்றியூருக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1946-ல் அங்கே ஒரு சிறு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் தொடக்கம். 1952-ல் பழைய டயர்களுக்கு மேல்பட்டை போடும் ரப்பர் தயாரிப்பில் இறங்கினார்கள். டயர் அதற்குப் பிறகு வந்தது. டயரைத் தூக்கி நிற்கும் பலசாலியின் உருவம் விளம்பரத்தில் வந்தது 1964-ல். லாரி ஓட்டுநர்களிடம் பேசியபோது, "டயர் என்றால் பலமாக இருக்க வேண்டும்" என்று அவர்கள் சொன்னதிலிருந்து பிறந்த உருவம் அது என்று விளம்பரத் துறையினர் சொல்வதுண்டு.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, சரக்கு முதலில், சின்னம் பிறகு. பலூன் விற்ற கொட்டகைக்கும் பலசாலி உருவத்துக்கும் இடையில் 18 ஆண்டு உழைப்பு இருக்கிறது. இரண்டு, வாங்குகிறவர் எந்தச் சொல்லைச் சொல்லுகிறாரோ அந்தச் சொல்லிலேயே விற்க வேண்டும்.

கூகுள் தேடலுக்கு இந்த இரண்டாவது பாடம் மிகவும் முக்கியம். நாம் ரகத்தின் எண்ணைச் சொல்லிப் பழகியவர்கள். வாங்குகிறவர் எண்ணைத் தேடமாட்டார். "இட்லி அரிசி", "நாட்டுக்கோழி முட்டை", "சிறுகீரை", "கலப்படமில்லாத கடலை எண்ணெய்" என்றுதான் தேடுவார். ஆகவே உங்கள் சரக்கை வாங்குகிற பத்துப் பேரிடம், "இதை நீங்கள் என்னவென்று கேட்பீர்கள்?" என்று விசாரித்து, அந்தச் சொற்களைப் பதிவில் எழுதுங்கள். ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுவது நல்லது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் பலர்.

"இயற்கை விளைச்சல்" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அந்தச் சொல்லுக்கு நல்ல விலை உண்டு என்பதற்காக, ஒரு முறையேனும் பூச்சிமருந்து தெளித்த காயின் மேல் அதை ஒட்டாதீர்கள். வாய்ச் சொல்லாய் இருந்தால் மறைந்துபோகும். கைப்பேசியில் எழுதியது நிற்கும். ஒருவர் கண்டுபிடித்து எழுதினால் அதைப் படிக்கிற அத்தனை பேரும் விலகிப்போவார்கள்.

துண்டுக்குள் விரல்

இனிக் காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்தைப் பார்ப்போம். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது நமக்குத் தெரிந்ததே. பக்கத்தில் நிற்பவருக்கு அந்த விலை தெரியாது. கூகுளிலும் பேஸ்புக்கிலும் விளம்பரத்துக்கு இடம் கிடைப்பது ஏறத்தாழ இதே முறையில்தான். ஒருவர் தேடும் அந்த நொடியிலேயே ஏலம் நடக்கிறது. பெரிய அங்காடிக் கம்பெனியும் சிறு விவசாயியும் ஒரே ஏலத்தில் நிற்கிறார்கள். எதிரில் இருப்பவர் எவ்வளவு கேட்டார் என்பது நமக்குத் தெரியாது. துண்டு விரித்தவருக்குத்தான் தெரியும். கூகுள் தேடலில், யாராவது நம் விளம்பரத்தைத் தொட்டால், அவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நம் கணக்கில் பணம் கழியும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு தொடுகைக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாய் செலவிட்டால் 200 பேர் தொட்டிருப்பார்கள். அவர்களில் 10 பேர் வாங்கினார்கள் என்றால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 100 ரூபாய் ஆகிறது. அவர் 60 ரூபாய்க்குக் கீரையும் காயும் வாங்கி, அதில் உங்களுக்கு 20 ரூபாய் மிஞ்சினால், அதே ஆள் மொத்தம் ஐந்து முறை வாங்கிய பிறகுதான் போட்ட பணமே கைக்கு வரும். அதற்கு மேல்தான் லாபம். ஒரு முறை வந்து போகிறவரை நம்பி விளம்பரம் செய்வது ஓட்டைச் சாலில் நீர் இறைப்பதற்குச் சமம்.

மாதாமாதம் அரிசியும் எண்ணெயும் வாங்கும் குடும்பமானால் கணக்கு வேறு. ஆகவே விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையை முதலில் உண்டாக்குங்கள். ஒரு வாடிக்கையாளரால் ஆண்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைக் கணக்குப் போடுங்கள். பிறகு வேண்டுமானால் சிறு தொகையைப் போட்டுப் பாருங்கள் என்றே சொல்லுகிறேன். உரம் போடுமுன் மண்ணைப் பரிசோதிப்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

துண்டு விரித்தவர் எப்போதும் நடுநிலையாக இருப்பார் என்ற உறுதியும் இல்லை. 2018 பிப்ரவரியில் நம் நாட்டின் போட்டி ஆணையம் கூகுள் நிறுவனத்துக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தேடல் பக்கத்தில் தன் சொந்த விமானப் பயணச் சேவையை முன்னுக்குத் தள்ளியது என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. சந்தையின் சொந்தக்காரரே சந்தையில் கடையும் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

பெயர் யாருக்கு? பணம் யாருக்கு?

"வீடியோ போட்டால் பெயர் வந்துவிடும்" என்று இளைஞர்கள் சொல்லுகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தினர் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சானலை 2021-ல் ஒரு கோடிப் பேர் பின்தொடர்ந்தார்கள். பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் அவர்களுக்கு வந்தது படம் பார்ப்பவர்களால் வரும் விளம்பர வருமானம். காய்கறி விற்ற வருமானம் அல்ல. அது வேறு தொழில். ஊருக்கு ஒருவருக்குக் கூட அது அமையாது.

காசிமேட்டு மீன் சந்தையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் வஞ்சிரத்தின் விலையையும் காட்டும் வீடியோக்கள் யூடியூபில் ஏராளம். சந்தைக்குப் பெயர் கிடைத்தது. படம் எடுத்தவருக்குக் காசு கிடைத்தது. கூடையோடு தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் போன் எண் அவற்றில் அநேகமாக இருப்பதில்லை. வீடியோ பார்த்து வருகிறவர் அவரிடம் வாங்கலாம், பக்கத்துக் கூடையிலும் வாங்கலாம். பார்க்கிறவர் பெருகுவது வேறு, வாடிக்கை பெருகுவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பெயரும் போன் எண்ணும் ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகும் வலையும் கறுத்துப்போன படங்கள் கைப்பேசிகளில் பரவின. அப்படிப்பட்ட நேரத்தில் வாங்குகிறவர் தயங்குவதைக் குறை சொல்ல முடியாது. எந்த மீன் எந்தக் கரையில் பிடித்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெயர் தெரிந்த, போன் எண் தெரிந்த ஒருவர்தான் "இது இன்ன இடத்துச் சரக்கு" என்று பதில் சொல்ல முடியும். காய்கறிக்கும் இதே நியாயம்தான். நாளை நம் வட்டாரத்துக் கிணற்று நீரைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பினால், முகம் தெரியாத காய்தான் முதலில் அடிபடும்.

பட்டியல் நம் நோட்டில் இருக்கட்டும்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நம்மைப் பின்தொடரும் ஆயிரம் பேர் நம் வாடிக்கையாளர்கள் அல்ல. அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள். அவர்களிடம் நம் குரல் போய்ச் சேர வேண்டுமா வேண்டாமா என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கிறது.

2018 ஜனவரியில் பேஸ்புக் தன் முறையை மாற்றியது. இனி நண்பர்கள், உறவினர்கள் எழுதுவதே முன்னால் வரும். வியாபாரப் பக்கங்களின் செய்தி குறைவாகவே காட்டப்படும் என்று அறிவித்தது. இலவசமாகக் கிடைத்து வந்த வழி அதனால் குறுகியது. பழைய அளவுக்குப் போய்ச் சேர விரும்பியவர்கள் பணம் கட்டும்படி ஆயிற்று. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அரசின் முடிவு சரியா தவறா என்பது இங்கே பேச்சல்ல. லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் மறுநாள் காலையில் ஒருவரையும் கூப்பிட முடியாமல் நின்றார்கள் என்பதே பாடம். 2021 அக்டோபர் 4-ல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. மூன்றும் ஒரே முதலாளியின் சொத்து என்பதால் மூன்றும் சேர்ந்தே நின்றன.

குத்தகை நிலத்தில் நெல் நடலாம். தென்னை நட்டால் காய் யாருக்கு? கைப்பேசிச் சந்தை குத்தகை நிலம். அதில் பயிர் செய்யுங்கள்; ஆனால் அறுத்ததை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். இங்கே அறுவடை என்பது வாடிக்கையாளரின் பெயர், தெரு, போன் எண், என்ன வாங்குவார், எந்தக் கிழமை வாங்குவார் என்னும் விவரம். அவர் சம்மதத்தோடு கேட்டு, ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டில் எழுதிவையுங்கள். வாட்ஸ்அப் நின்றாலும் அந்த நோட்டு நிற்காது. அந்த எண்களை வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. நம்மை நம்பிக் கொடுத்தது அது.

புதிய தரகரும் பழைய திருடரும்

"கூகுளிலிருந்து பேசுகிறோம். இத்தனை ஆயிரம் கட்டினால் உங்கள் கடையை முதல் இடத்தில் நிறுத்துகிறோம்" என்று போன் வந்தால் நம்பாதீர்கள். பதிவு இலவசம். விளம்பரம் அல்லாத தேடல் வரிசையில் முதலிடத்தை யாரும் விற்க முடியாது. பணம் கட்டி நட்சத்திரமும் புகழுரையும் வாங்கித் தருகிறோம் என்பவர்களையும் அண்ட விடாதீர்கள். பொய்ச் சாட்சி எந்தப் பஞ்சாயத்திலும் நெடுநாள் நிற்பதில்லை. உங்களிடம் வாங்கிச் சென்றவரிடம், "திருப்தியாக இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள், அதுவே போதும்.

இன்னொரு மோசடியும் நடக்கிறது. ராணுவ அதிகாரி என்றோ கம்பெனிக் கேன்டீன் மேலாளர் என்றோ சொல்லிக்கொண்டு ஒருவர் மொத்தமாகக் காய் வேண்டும் என்பார். பேரம் பேசமாட்டார். "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பார். போட்டால் பணம் வராது. நம் கணக்கில் உள்ளது போய்விடும். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒரு வாக்கியத்தை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். தவறிப்போய் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணம் கிடைக்கும் வாய்ப்புக் குறையும்.

செய்ய வேண்டியவை

1. வாட்ஸ்அப் பிசினஸ் என்பது 2018-ல் வந்த தனிச் செயலி, இலவசம். அதில் சரக்குப் பட்டியலும் விலையும் படத்துடன் வைக்கலாம். பலருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் வசதி உண்டு. ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். ஆகவே காய் கொடுக்கும்போதே, "என் நம்பரைப் பெயர் போட்டுப் பதிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிப் பதியவைத்துவிடுங்கள்.

2. தினமும் பத்துச் செய்தி அனுப்பித் தொல்லை தராதீர்கள். நாளைக்கு என்ன அறுப்பு, என்ன விலை, எங்கே எத்தனை மணிக்கு, இந்த நான்கும் போதும். ஆலைகளில் முறைப் பணி மாறும் நேரத்தை அறிந்து, வீடு திரும்புமுன் கிடைக்கும்படி அனுப்பினால் பலன் அதிகம்.

3. கீரையும் பழுத்த காயும் தாங்காத சரக்கு. அவற்றை முன்கூட்டியே கேட்டவருக்கு மட்டும் அறுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவை தூரத்து வாடிக்கைக்கு ஏற்றவை.

4. வயலில் விளைந்ததை விளைந்தபடி விற்கும்வரை விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. எண்ணெய், ஊறுகாய், மாவு என்று செய்து விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பதிந்துகொள்வது அவசியம். அந்தப் பதிவு எண்ணை வாட்ஸ்அப் பட்டியலில் போட்டால் வாங்குகிறவருக்கும் நம்பிக்கை வரும்.

5. நெல்லை அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறவர் அதற்காகக் கைப்பேசியில் அலைய வேண்டியதில்லை. எல்லாச் சரக்குக்கும் இந்த வழி ஏற்றதல்ல.

எல்லாருக்கும் ஆகுமா?

"எங்களுக்கு எழுதப் படிக்கவே நேரமில்லை. இதை எல்லாம் யார் பார்ப்பது?" என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. விடியற்காலை நீர் பாய்ச்சிவிட்டு, பகலில் களையெடுத்துவிட்டு, இரவில் போனைத் தடவிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ஆனால் வீட்டுக்கு வீடு பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மகளிர் குழுக்களில் கணக்கு எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். நோட்டும் போனும் அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். அதற்கு ஒரு கூலியும் கொடுங்கள். வீட்டுப் பிள்ளைதானே என்று சும்மா வேலை வாங்கினால் அந்த வேலை நாலு நாளில் நின்றுவிடும்.

அரசுக்கும் கடமை உண்டு. 2016-ல் மின்னணு தேசிய வேளாண் சந்தையும் 2018-ல் உழவன் செயலியும் வந்தன. பயனுள்ளவையே. ஆனால் சந்தை விலையைத் தெரிந்துகொள்வதும் வாங்குகிறவரைத் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல. நம் வேளாண் உதவி அலுவலர்கள் நெல்லுக்கு எத்தனை மூட்டை யூரியா என்று சொல்லுவதுபோல, போன் பதிவையும் மோசடித் தற்காப்பையும் கிராமத்திலேயே உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை ரயில் நிலையங்களின் பக்கத்தில் விவசாயிகள் கூட்டாக நடத்த நிலையான சிறு கடைகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கினால், பெரிய பெரிய விளம்பரத் திட்டங்களைவிட அதனால் பலன் கிடைக்கும். போனில் பெயரைப் பதிய முதலில் பூமியில் ஒரு இடம் வேண்டுமே!

இந்த வாரமே பத்து வாடிக்கையாளரின் பெயரை நோட்டில் எழுதத் தொடங்குங்கள். பத்து, ஐம்பது ஆகட்டும். ஐம்பது குடும்பம் வாரந்தோறும் தவறாமல் வாங்கினால், அரை ஏக்கர் கீரைக்காரர் கோயம்பேட்டு விலையை எதிர்பார்த்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. எடை சரியாக இருக்கட்டும். சொன்ன நேரத்துக்குச் சரக்குப் போகட்டும். கைப்பேசி நம் குரலைக் கொண்டுபோகும். வாக்கைக் காப்பாற்ற வேண்டியது நாம்தான்.